பிரெடெரிக் வார்டு: கூலிப்படைக்காரரா, தளபதியா?

மாறன்:
சீனாவில் சிங் அரச வம்சத்தை எதிர்த்து 19-ஆம் நூற்றாண்டில் நடந்த தைப்பிங் கிளர்ச்சி பற்றிய பேச்சில், பிரெடெரிக் டவுன்சென்ட் வார்டை "ஷாங்காயைக் காத்த வீரர்" என்று கயல்விழி எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் பிறந்த மாலுமி அவர். 1860-இல் ஷாங்காய்க்கு வந்தார். வணிகர்கள் பணம் கொடுக்க, துறைமுகத்தில் திரிந்த வெள்ளைக்காரர்களைத் திரட்டினார். ஊரைப் பிடித்தால் இவ்வளவு என்று பேரம். இது கூலிப்படைதான்.

கயல்விழி:
1860-க்கு நீங்கள் சொல்வது சரி. ஜூலையில் ஷாங்காய்க்கு அருகே தைப்பிங் கையிலிருந்த சோங்ஜியாங் நகரைப் பிடித்தார். அடுத்த மாதமே சிங்பூவில் தோற்று, தாடையில் குண்டடி பட்டார். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள் மாறன். வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் சீன இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார், சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார். 1862-இல் சிங் அரசே அந்தப் படைக்கு "எப்போதும் வெல்லும் படை" என்று பெயர் வைத்தது. கையில் வெறும் பிரம்போடு படைக்கு முன்னால் நடந்தவர். சீனக் குடிமகனாகி, யாங் ஃபாங்கின் மகளை மணந்தார்.

மாறன்:
யாங் ஃபாங் யார்? படைக்குப் பணம் போட்ட வங்கியாளர்! முதலாளியே மாமனார். சரி, சண்டை யாருக்காக? அழுகிப்போன சிங் ஆட்சிக்காக. அந்தப் போரில் செத்தவர்கள் 2 கோடிப் பேருக்குக் குறையாது என்கிறார்கள்.

கயல்விழி:
அந்தச் சாவுகளில் தைப்பிங்குக்குப் பங்கே இல்லையா? ஏசுவின் தம்பி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தைப்பிங் தலைவர் ஹோங் சியூச்சுவானின் ஆட்சியை விடுதலை என்று என்னால் சொல்ல முடியாது.

வேலன்:
இருவருக்கும் ஒன்று. 1862 செப்டம்பரில் நிங்போ அருகே சிசியில் வார்டு வயிற்றில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். வயது 30. அடுத்துப் படைத்தலைவராக வந்த அமெரிக்கர் பர்ஜவைன் சம்பளப் பாக்கிக்காக யாங் ஃபாங்கையே அடித்துப் பணத்தைப் பறித்தார். பிறகு தைப்பிங் பக்கம் போனார். 1863-இல் படையைக் கையில் எடுத்த பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் கார்டனுக்குத்தான் உலகப் புகழ். படையை உருவாக்கியவரை இங்கே பலருக்குத் தெரியாது.

கயல்விழி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பர்ஜவைன் கட்சி மாறினார், வார்டு மாறவில்லை.

மாறன்:
வார்டும் சாகும் தறுவாயில் தனக்கு வரவேண்டிய பாக்கியைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆனாலும் சிப்பாய்க்குச் சம்பளம் தவறாமல் கொடுத்தார் என்பதை ஏற்கிறேன். அன்றைய சிங் படைகளில் அது அபூர்வம். வீரர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.