மறுவாழ்வு இல்லங்களை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவரைச் சேர்க்க சென்னையில் நல்ல இல்லம் தேடுகிறோம். ஏசி, வரவேற்பறை பற்றி வேண்டாம். ராத்திரி ஒரு அட்டெண்டருக்கு எத்தனை பேர்? 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? புரட்டிய நேரத்தைக் குறிக்கும் சார்ட்டை மட்டும் நம்பாதீர்கள். நாள் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் மொத்தமாக நிரப்பியதாக இருக்கலாம். குதிகாலையும் வால் எலும்புப் பக்கத்தையும் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கலாம்.

மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30–45 டிகிரி உயர்த்துகிறார்களா? கொடுத்த உடனே படுக்க வைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். யூரின் பை தரையில் கிடக்கிறதா? பிசியோ உண்மையில் எத்தனை நிமிடம்? பார்த்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.