தேயிலைத் தோட்டத்துச் சைக்கிள் தடம் வாய்க்காலாகிவிட்டது. பந்தயத்துக்குள் சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி: மன்றச் செயலாளர், கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே சுமார் இருபது பேர் சேர்ந்து ஒரு மலை சைக்கிள் மன்றம் நடத்திவருகிறோம். தனியார் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேலாளர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியின் பேரில், மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அங்கே 4 கி.மீ. சுற்று ஒன்றில் பயிற்சி செய்துவந்தோம். அந்தச் சுற்றில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை நோக்கி இறங்கும் 120 மீட்டர்ப் பகுதியை நாங்களே வெட்டினோம்.

வடகிழக்குப் பருவமழையில் அந்த இறக்கம் அரித்துப்போய், ஓரிடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டது. அடித்துச் செல்லப்பட்ட மண் கீழேயுள்ள கானை (மழைநீர் வடிகாலை) அடைத்துக்கொள்ள, தண்ணீர் மேலேறி வழிந்து முப்பதுக்கும் மேற்பட்ட செடிகளின் வேர் வெளியே தெரிகிறது. மேலாளர் கேட்டைப் பூட்டிவிட்டார். பிப்ரவரி கடைசியில் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கான பந்தயம் வைத்திருக்கிறோம்.

எனக்குப் புரியாதது இதுதான். தடத்தின் சராசரிச் சாய்வு பத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். கைப்பேசியின் சாய்வுமானியில் தடம் 10 என்றும், மலைச்சரிவு 14 என்றும் காட்டியது. பிறகு ஏன் இப்படி ஆயிற்று? மேல்வேலிக்கு அப்பால் சோலைக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. காட்டுக்குள் 600 மீட்டர்தான் வரும், பந்தயத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சில உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அது சரியாக இருக்குமா?

மறுமொழி 1: குன்னூர் வழக்கறிஞர், வார இறுதிச் சவாரிக்காரர்

சோலைப் பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அந்த நிலம் காப்புக்காடாக இருந்தால், அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். அது 600 மீட்டரா ஆறு மீட்டரா என்று யாரும் அளந்துகொண்டிருக்கப் போவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. நீங்கள் குறித்திருக்கும் பிப்ரவரி கடைசியும் காட்டுத்தீப் பருவத்தின் தொடக்கம்தான். அந்த நேரத்தில் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறோம் என்று எந்த அலுவலரிடம் போய்க் கேட்பீர்கள்?

நிலம் யாருடையது என்பதிலேயே சந்தேகம் இருந்தால், புல எண்ணை வைத்து, நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும், எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். வேலி இருக்கும் இடமும் எல்லை இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இன்னொன்று, தடத்தைச் சரிசெய்கிறோம் என்று பொக்லைனைக் கொண்டுவந்துவிடாதீர்கள். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வளைவுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று நிழல் மரத்தை வெட்டுவதற்கும் தனிச் சட்டம் குறுக்கே நிற்கும்.

மறுமொழி 2: தடம் அமைப்பவர், கோயம்புத்தூர்

செயலாளர் அவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் கைப்பேசி காட்டிய 10 என்பது பாகையா, சதவீதமா? பெரும்பாலான கைப்பேசிகள் பாகையில்தான் காட்டும். நீங்கள் படித்த விதியோ சதவீதத்தில் சொல்லப்பட்டது. 10 பாகை என்றால் 17.6 சதவீதம். அதாவது நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்க வேண்டிய தடம் பதினேழரை மீட்டருக்கு மேல் இறங்குகிறது.

இதோடு முடியவில்லை. பன்னாட்டு மலை சைக்கிள் சங்கமான இம்பாவின் வழிகாட்டுதலில் பாதி விதி என்று ஒன்று உண்டு: தடத்தின் சாய்வு, அது கடக்கும் சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது. உங்கள் சரிவு 14 பாகை, அதாவது ஏறக்குறைய 25 சதவீதம். அதில் பாதி பன்னிரண்டரை. பதினேழரையில் தடம் போட்டால், மேலிருந்து வரும் தண்ணீருக்குத் தடத்தைக் குறுக்கே தாண்டிச் செல்வதை விடத் தடத்தோடு ஓடுவதே எளிது. அதன்மேல், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி பிரேக் பிடித்து இறங்குபவர்கள் இருந்தால் தண்ணீருக்கு அவர்களே சால் கீறிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த 120 மீட்டரைப் பழுதுபார்க்க வேண்டாம், கைவிடுங்கள். அதே 21 மீட்டர் இறக்கத்தைப் பத்து சதவீதத்தில் இறங்க ஏறத்தாழ 210 மீட்டர் நீளம் வேண்டும். சரிவுக்குக் குறுக்காக, வளைத்து வளைத்துப் போடுங்கள். தடத்தின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போதும். ஆறு முதல் பதினைந்து மீட்டருக்கு ஓர் இடத்தில், இறங்கிக்கொண்டே வரும் தடத்தைச் சில அடி தூரத்துக்கு மட்டும் மேலேற்றி மீண்டும் இறக்குங்கள். அந்தத் தாழ்வில் தண்ணீர் தானாக வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கும் அது ஒரு சுகம்.

செயலாளர்

நேற்று வேலிக்கு வெளியிலிருந்து அளந்து பார்த்தேன். பாகைதான். மூன்று ஆண்டுகளாக எங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மேலாளர் தொலைபேசியையே எடுப்பதில்லை. பாதி விதியை யாரிடம் போய் விளக்குவது?

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தோட்டக் கள அலுவலர்

தம்பி, அவரிடம் விதியை விளக்கவே வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாங்கள். லைன் வீடுகளுக்கு மேலே ஒரு கான் அடைபட்டால் தோட்டத்துக்காரனுக்கு அன்றிரவு தூக்கம் வராது. முப்பது செடி போனதற்காக அவர் பூட்டவில்லை.

அதனால் அனுமதி கேட்டுப் போகாதீர்கள். கானைத் தூர்வார வருகிறோம் என்று, தொழிலாளர்களை மேற்பார்க்கும் மேஸ்திரி மூலமாகச் சொல்லி அனுப்புங்கள். போகும்போது சைக்கிள் கூடாது, மண்வெட்டியும் கூடையும் மட்டும். வேலை முடிந்த பிறகு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த நாள், எத்தனை பேர், மழை பெய்தால் எத்தனை நாள் ஓட்டமாட்டீர்கள், மருந்தடிக்கும் நாளை யார் உங்களுக்குத் தெரிவிப்பது, கொழுந்து பறிப்பவர்கள் எதிரே வந்தால் யார் இறங்கி நிற்பது. இந்தக் கடைசி வரி கட்டாயம் இருக்கட்டும். முதுகில் கொழுந்து மூட்டையோடு வரும் பெண் சைக்கிளுக்கு வழிவிட்டுச் செடிக்குள் ஒதுங்க வேண்டியிருந்தால், அந்தச் செய்தி மாலைக்குள் மேலாளர் காதுக்குப் போய்விடும்.

இந்த ஆண்டு கவாத்து வெட்டிய பகுதி, அதாவது செடிகளின் கிளைகளைக் கழித்துவிட்ட பகுதி எது என்றும் கேட்டுவையுங்கள். அங்கே சில மாதங்களுக்குக் கொழுந்து பறிப்பு இராது. புதுத் தடத்துக்கு இடம் கேட்க அதுவே வசதி.

செயலாளர்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு ஞாயிறு கானைத் தூர்வாரினோம். இரண்டாவது ஞாயிறன்று மேலாளரே நடந்து வந்து, ஒன்றும் பேசாமல் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மேஸ்திரி கவாத்துப் பகுதியைக் காட்டினார். கேட்டும் திறந்தது, ஆனால் பந்தய நாள் வரை மட்டும். அதன் பிறகு ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்த்துத்தான் சொல்வாராம். எழுதிக் கொடுத்த பக்கத்தில் அவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: காலை ஏழு மணிக்கு முன் யாரும் உள்ளே வரக்கூடாது, அதுவரை காட்டுமாடுகள் செடிகளுக்கிடையே மேய்ந்துகொண்டிருக்கும்.

புதுத் தடம் 190 மீட்டர் வந்திருக்கிறது. பழைய இறக்கத்தின் குறுக்கே கவாத்தில் வெட்டிய மிலாறுகளை (சிறு கிளைகளை)ப் பரப்பி மூடிவிட்டோம். பந்தயச் சுற்றை 3 கி.மீ. ஆகக் குறைத்திருக்கிறோம். இரண்டாவது வளைவில் மட்டும் வெளி விளிம்பு உயர்ந்து, வாளியால் ஊற்றிப் பார்த்த தண்ணீர் அங்கேயே தேங்குகிறது. விளிம்பைச் செதுக்கிவிடலாமா, அல்லது வளைவுக்கு முன்னாலேயே ஒரு தாழ்வு வெட்ட வேண்டுமா?

மறுமொழி 2: தடம் அமைப்பவர், கோயம்புத்தூர்

முன்னாலேயே வெட்டுங்கள், வளைவுக்கு மூன்று நான்கு மீட்டர் மேலே. விளிம்பைச் செதுக்கினால் பந்தயத்தன்று வேகமாக வருகிற பையன் அதன் வழியாகவே வெளியே போய்விடுவான்.