செங்கலும் ஸ்பிரிங்கும் வைத்து நிலநடுக்கத்தைக் கணிக்க முடியுமா?

கதிர்:
எம்எஸ்சி புராஜெக்டுக்காக 2 மீட்டர் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அதன் மேல் வைத்த செங்கலை ஸ்பிரிங் கட்டி ஒரு சின்ன மோட்டாரால் மெதுவாக இழுக்கிறேன். ஸ்பிரிங் நீண்டுகொண்டே போகும், செங்கல் அசையாது, அப்புறம் சடக்கென்று 3 செ.மீ. நழுவி நிற்கும். ஏறக்குறைய 3 நிமிடத்துக்கு ஒருமுறை இதே கதைதான். நிலத்தடிப் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் நிலப்பிளவிலும் உராய்வு பிடித்து வைத்து விடுவதுதானே நடக்கிறது? பிறகு ஏன் அடுத்த நடுக்கம் எப்போது என்று சொல்ல முடியவில்லை?

செண்பகம்:
சொல்லிப் பார்த்தார்கள் தம்பி. கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் பார்க்ஃபீல்டு என்று ஒரு குக்கிராமம். அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சுமார் 6 ரிக்டர் அளவில் நடுக்கங்கள் வந்தன, சராசரி 22 ஆண்டு. 1934 மட்டும் முன்கூட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்தது 1988 வாக்கில், தள்ளிப்போனாலும் 1993க்குள் என்று 1985ல் அறிவித்து ஊரைச் சுற்றிக் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28. அதுவும் 1934, 1966 இரண்டிலும் 17 நிமிடம் முன்னால் வந்த சின்ன அதிர்வு இந்த முறை இல்லை, பிளவு கிழிந்த திசையும் நேர் எதிர். 1966ல் விட்ட இறுக்கம் 1987க்குள்ளேயே திரும்பச் சேர்ந்துவிட்டது என்று நில அளவீடுகள் காட்டின, ஆனாலும் பிளவு மேலும் 17 ஆண்டு தாங்கியது. எனக்கு இதுதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

மாறன்:
ஒற்றைச் செங்கல் கடிகாரம் மாதிரிதான் ஓடும். கட்டைகளை ஸ்பிரிங்கால் வரிசையாகக் கோத்துப் பார்த்தால் பெரிதும் சிறிதுமாக நழுவல்கள் கலந்து வருவதை பர்ரிட்ஜ், நோபாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1967லேயே காட்டிவிட்டார்கள். அவ்வளவு கூட வேண்டாம், உராய்வு வேறுபட்ட இரண்டே கட்டைகள் போதும், தாறுமாறாகிவிடும். பின்னால் இன்னொரு செங்கலைக் கட்டி, அதன் அடியில் மட்டும் வேறு உப்புத்தாள் போட்டுப் பாருங்கள்.

கதிர்:
கட்டினேன். முதல் இடைவெளி 4 நிமிடம், அடுத்தது 1, அப்புறம் 6 நிமிடம் சத்தமே இல்லை, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே இழுப்பில் போய் முன் செங்கல் மோட்டாரில் இடித்தது! அப்படியானால் இந்த மாதிரியால் என்னதான் பயன்?

செண்பகம்:
நிறைய இருக்கிறது. பலகை முழுக்க ஓட்டி, இடைவெளிகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். 3 நிமிடம் சும்மா போய்விட்டது என்றால் அடுத்த ஒரு நிமிடத்தில் நழுவ எவ்வளவு வாய்ப்பு என்று அதிலிருந்து எண்ணிச் சொல்லலாம். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு 2014 முதல் 2043க்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஒரு நடுக்கமாவது வர 72 சதவீதம் வாய்ப்பு என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் சொன்னதும் இந்த வகைக் கணக்குதான். தேதி கிடைக்காது, ஆனால் பள்ளிக்கூடத்தையும் பாலத்தையும் எவ்வளவு பலமாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய அது போதும்.

கதிர்:
சரி அக்கா, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி ஓட்டுகிறேன். 50 இடைவெளி சேர்ந்ததும் இங்கேயே போடுகிறேன்.