கவினுக்கு எந்தப் பிரிவு?

வாட்ஸ்அப் குழு: அம்மாயி வீடு
ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:04] அப்பிச்சி: (செந்தாமரைப் படம்) அனைவருக்கும் இனிய காலை வணக்கம்.

[காலை 7:31] சுமதி: எல்லோரும் எழுந்துவிட்டீர்களா? நாளை மாலைக்குள் பொறியியல் கலந்தாய்வுக்குக் கவினுடைய விருப்பப் பட்டியலைப் பதிவு செய்தாக வேண்டும். கட் ஆஃப் 181.5. எந்தக் கல்லூரியானாலும் கம்ப்யூட்டரையே வரிசையாகப் போடு என்கிறார் அவன் அப்பா. இவனோ நேற்று ராத்திரி திடீரென்று எலக்ட்ரிக்கல் என்கிறான். யாராவது புத்தி சொல்லுங்கள்.

[காலை 7:33] செந்தில்: யாருக்கு, மருமகனுக்கா மச்சானுக்கா?

[காலை 7:34] சுமதி: விளையாடாதே செந்தில். எல்லாம் உன் மோட்டார் ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்ததால் வந்த வினை.

[காலை 7:40] அப்பிச்சி: 200க்கு 181.5 நல்ல மதிப்பெண். கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, வேதியியலுக்கு 50, சரிதானே? முன்பு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேரும். 2007இல் அதை எடுத்துவிட்டார்கள்.

[காலை 7:41] அப்பிச்சி: (குரல் பதிவு, 0:19)

[காலை 7:43] செந்தில்: கேட்டேன் அம்மா. தட்டப்பயிறு வந்து சேர்ந்துவிட்டது. அப்பாவின் கைபேசியை அவரிடமே கொடுத்துவிடுங்கள், முக்கியமான பேச்சு நடக்கிறது.

[காலை 7:55] மாலதி: சுமதி, நீ கேட்பதால் உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ வைத்திருந்த உச்சவரம்பு 2024-25 முதல் இல்லை. நன்றாக நடக்கும் கல்லூரி கேட்டால் இடம் கூடுகிறது, கேட்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான். எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு வகுப்பு அதிகமாகிறது. என் எலக்ட்ரிக்கல் துறையில் 120 இருந்த இடம் 60 ஆகி, அதிலும் பாதி நாற்காலி காலி. மெக்கானிக்கல் பட்டறையின் லேத்துகள் மூன்று பழைய இரும்புக்குப் போயின. இப்போது அங்கே ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறை இருக்கிறது.

[காலை 7:57] சுமதி: அப்படியானால் கம்ப்யூட்டர்தான் சரி என்கிறாயா?

[காலை 7:58] மாலதி: ஊரே ஒரு பஸ்ஸில் ஏறுகிறது என்றேன். அந்த பஸ் எங்கே போகிறது என்று சொல்லவில்லை.

[காலை 8:10] ரவி: அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் பாசம் ஒன்றும் இல்லை. பயம்தான். நான் வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு 38 வயது, கவினுக்கு மூன்று. நூல் நூற்கும் ரிங் பிரேமைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு நான்கு வருடம் எப்படி ஓடியது என்று இந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு தொழிலை நம்பி உட்கார்ந்தவன் நான். என் பையன் அப்படி உட்காரக் கூடாது.

[காலை 8:12] செந்தில்: மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கிண்டல் பண்ணவில்லை.

[காலை 8:20] கவின்: நான் சொல்லலாமா? மே மாதம் முழுக்க மாமா கடையில் இருந்தேன் அல்லவா. நெகமம் பக்கத்திலிருந்து ஒருவர் 3 எச்.பி. மோட்டாரைக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை எரிந்திருக்கிறது. மாமா திறந்து என் கையில் கொடுத்து, மூக்கை வைத்துப் பார் என்றார். வார்னிஷ் கருகிய வாடை இரண்டு நாளைக்குப் போகவில்லை. பிறகு சுருளைப் பார்க்கச் சொன்னார். மூன்று பேஸ் மின்சாரத்துக்கும் தனித்தனிக் காயில். அதில் இரண்டு கரிக்கட்டை. மூன்றாவது புதுத் தாமிரம் போல மின்னியது. "மோட்டார் கெட்டதா, கெடுக்கப்பட்டதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

[காலை 8:24] செந்தில்: ஸ்டார் இணைப்பு, மூன்று காயிலும் ஒரு முனையில் ஒன்றாகச் சேரும். ஒரு பேஸ் வராமல் போனால் மற்ற இரண்டும்தான் மொத்தப் பாரத்தையும் சுமந்து கருகும். மூன்றும் ஒரே சீராகப் பழுப்பாகியிருந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது சுமை அதிகம். ஒரே இடத்தில் பொட்டு வைத்தது போல உருகியிருந்தால் இன்சுலேஷன் போயிருக்கும். பிணப் பரிசோதனை மாதிரிதான். தோட்டத்துக்கு நேரில் போனோம். ஸ்டார்ட்டரில் ஒரு கான்டாக்ட் அரித்துப் போயிருந்தது. மோட்டாரைக் காக்கும் ரிலே அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி ஒரு கம்பியை முறுக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் ஓட்டுவதற்குக் கண்டென்சர் வேறு. எத்தனை தடவை காயில் கட்டினாலும் எரியத்தான் செய்யும்.

[காலை 8:26] கவின்: அந்தக் கம்பியை நான்தான் கழற்றினேன்.

[காலை 8:31] சுமதி: சந்தோஷம். இதற்கு ஐடிஐ போதுமே. எதற்கு நான்கு வருடம், எதற்குக் கடன்?

[காலை 8:33] நித்யா: சித்தி கேட்டது சரியான கேள்வி.

[காலை 8:45] செந்தில்: நானே பதில் சொல்கிறேன் சின்னக்கா. நான் ஐடிஐதான். எரிந்தது ஏன் என்று சொல்வேன். எரியாத மாதிரி ஒன்றை வடிவமைக்கத் தெரியாது. போன மாதம் சோலார் பம்பு ஒன்று வந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, அதை ஓட்டும் டிரைவ் பலகையில் கோளாறு. அதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்கு அனுப்பிவிட்டு இருபது நாள் விவசாயியிடம் பேச்சு வாங்கினேன். நம் பகுதியில் படித்த நான்கு பேரிடம் கேட்டேன். "எங்கள் பாடத்தில் இருந்தது" என்று எல்லோரும் சொன்னார்கள். பலகையைத் தொட ஒருவரும் வரவில்லை.

[காலை 9:02] மாலதி: அந்த நான்கு பேரில் இரண்டு பேராவது என் மாணவர்களாக இருப்பார்கள்.

போன மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன், குழுவைத் தாண்டிப் போகக் கூடாது. நான்காம் பருவத்து மாணவர்கள் ஆய்வகச் சோதனைகளை எழுதும் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். டி.சி. ஷன்ட் மோட்டார், லோடு டெஸ்ட், அதாவது சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை. 32 நோட்டிலும் ரீடிங் அத்தனை அழகு. வளைகோடு புத்தகத்தில் வளைவது போலவே வளைகிறது. எஃபிஷியன்சி (செயல்திறன்) 81.4 சதவீதம் என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த மோட்டார் கார்பன் பிரஷ் தேய்ந்து இரண்டு பருவமாக ஓடவே இல்லை.

ஓடாத மோட்டாருக்கு 81.4!

திட்டத்தான் எழுந்தேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் பத்துக்குப் பத்து. "மோட்டார் ஓடவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம்" என்று ஒருவன் எழுதினால் அவனுக்கு எத்தனை தருவது? எங்கள் மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டமே கிடையாது. பொய் எழுத நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

[காலை 9:05] ரவி: அக்கா, இதைக் கேட்ட பிறகு எந்தத் தைரியத்தில் அனுப்புவது?

[காலை 9:20] நித்யா: சித்தப்பா, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் இந்தப் பொய் இல்லை என்று நினைக்காதீர்கள். நான் படித்தது மெக்கானிக்கல், பெங்களூரில் பார்ப்பது மென்பொருள். ஒரு நிரலின் முதல் வரைவை இப்போது ஏஐ எழுதிவிடுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது விளையாட்டாகத்தான் பார்த்தோம். சென்ற மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் பில் போடும் நிரல் ஒன்றை அதைக் கொண்டே எழுதினான். சோதனைகளையும் அதையே எழுதச் சொன்னான். எல்லாம் தேர்ச்சி, பச்சை விளக்கு. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்தால் வரியையும் திருப்பித் தர வேண்டும் என்பது நிரலிலும் இல்லை, சோதனையிலும் இல்லை. எழுதியதும் அதுதான், சோதித்ததும் அதுதான். அம்மா சொன்ன 81.4 மாதிரியேதான்.

[காலை 9:22] நித்யா: எழுத இரண்டு நிமிடம். எங்கே தப்பு என்று பிடிக்க எனக்கு இரண்டு நாள்.

[காலை 9:24] செந்தில்: ஆக, உன் கடைக்கும் எரிந்த மோட்டார்தான் வருகிறது.

[காலை 9:48] அப்பிச்சி: கண்ணாடி தேடி எடுக்க நேரமாகிவிட்டது. நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறியியலை எப்படிக் கற்பிப்பது என்ற இந்தச் சண்டை பழையது. கிண்டிக் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. கம்பெனிக்காரனுக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் படித்த கோவைக் கல்லூரியின் கதை இன்னும் சுவையானது. 1945இல் ஜி.டி. நாயுடு அதைத் தொடங்கினார். கவர்னர் பெயரில் ஆர்தர் ஹோப் கல்லூரி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ் ஓட்டித் தொழிலை ஆரம்பித்தவர். அவர்தான் அங்கே முதல்வர். நான்கு வருடப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருடம் தாராளமாகப் போதும் என்றார். வெள்ளைக்கார அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை உதறிவிட்டுப் போய்விட்டார். நான் சேர்ந்தபோது புகுமுக வகுப்பான பி.யூ.சி.க்குப் பிறகு ஐந்து வருடம் ஆகியிருந்தது!

முதல் வருடம் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவி மூலைமட்டத்துக்குச் சதுரமாக்கச் சொன்னார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. எனக்கு ஒன்பது நாள் தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு ஆழியாறு வாய்க்கால் வேலைக்குப் போனபோது மேஸ்திரி "சரியாக இருக்கிறது ஐயா" என்றால் நம்பாமல் குனிந்து பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

[காலை 9:55] மாலதி: அப்பா, நாயுடு பெரிய மேதை. ஆனால் இரண்டு வருடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கு ஊற நாள் பிடிக்கும். செந்தில் அந்த டிரைவ் பலகை முன்னால் நின்றுவிட்டது கை வராததால் இல்லை, கணக்கு தெரியாததால். நான்கு வருடத்தில் எதைப் போட்டு நிரப்புகிறோம் என்பதுதான் என் கவலை.

[காலை 9:56] செந்தில்: பெரியக்கா உண்மையைத்தான் சொல்கிறாள். ஆனாலும் குழுவில் சொல்லியிருக்க வேண்டாம்.

[காலை 11:25] கார்த்தி: இங்கே டென்மார்க்கில் இப்போதுதான் எட்டு மணி ஆகிறது. இத்தனை செய்திகளா! ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று சொல்கிறேன். 1974இல் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒரு பருவத்தின் 30 கிரெடிட்டில் 15 குழுத் திட்டத்துக்கு. ஐந்தாறு பேர், ஒரு உண்மையான சிக்கல், பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் குழுவாக வாய்மொழித் தேர்வு. யார் உழைத்தார்கள், யார் ஓசியில் வந்தார்கள் என்பது கால் மணி நேரத்தில் வெளுத்துவிடும். 2006இல் அரசாங்கம் குழுத் தேர்வே கூடாது என்று தடை போட்டது. ஆறு வருடம் கழித்து 2012இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் திட்டம் முதலில் தோல்வி. கட்டுப்பாட்டுச் சுற்று நடுங்கிக்கொண்டே இருந்தது. ஏன் நடுங்கியது என்று பதினைந்து பக்கம் எழுதினோம், அதற்குத்தான் மதிப்பெண்.

[காலை 11:40] மாலதி: கேட்க இனிக்கிறது கண்ணு. அங்கே குழுவுக்கு ஒரு மேற்பார்வையாளர். எனக்கு மூன்று பாடம், இரண்டு ஆய்வகம், மிச்ச நேரத்துக்கு அங்கீகாரக் கோப்பு. 2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. மாணவன் எதைக் கற்றுக்கொண்டான் என்று அளந்து காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல எண்ணம்தான். நடைமுறையில் அளந்ததாகக் காட்டும் படிவத்தை ராத்திரி பதினொரு மணிக்கு நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒரு விதத்தில் 81.4தான்.

[காலை 11:44] நித்யா: அம்மா, மற்றவர்கள் மாறும்வரை நீங்கள் ஒரு ஆய்வகத்தையாவது மாற்றலாமே?

[பகல் 12:30] சுமதி: எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். பதிவு நாளைக்கு. பட்டியலில் என்ன எழுதுவது?

[பகல் 12:41] ரவி: நித்யா, எலக்ட்ரிக்கல் படித்தால் பிறகு மென்பொருள் பக்கம் வர முடியுமா?

[பகல் 12:43] நித்யா: முடியும் சித்தப்பா, நானே வந்தேனே. நிரல் எழுதுவதை அவன் விடாமல் தனியாகப் பழக வேண்டும். அது சும்மா வராது, மாலையும் ஞாயிறும் போகும். வேலை நிச்சயம் என்று எந்தப் பிரிவுக்கும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. கம்ப்யூட்டருக்கும்தான்.

[பகல் 12:58] ரவி: சரி. முதல் ஐந்து அவன் இஷ்டம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் என் இஷ்டம். ஒரு நிபந்தனை. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினான் என்று தெரிந்தால் பீஸ் கட்ட மாட்டேன்.

[பகல் 12:59] கவின்: சரிங்க அப்பா.

[பகல் 1:00] சுமதி: மோட்டார் ஓடாவிட்டால் பையன் பூஜ்யம் வாங்குவானே!

[பகல் 1:02] ரவி: வாங்கட்டும்.

[பகல் 1:03] அப்பிச்சி: (குரல் பதிவு, 0:08)

[பகல் 1:05] செந்தில்: சாப்பிடத்தான் போகிறோம் அம்மா.

[மாலை 4:15] மாலதி: செந்தில், எரிந்த மோட்டார் நான்கு வேண்டும். ஆகஸ்டில் வரும் வகுப்புக்கு. ஆளுக்கொரு நோட்டு கிடையாது, எட்டுப் பேருக்கு ஒரு மோட்டார். ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்து என்னிடம் வந்து வாதாட வேண்டும். துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன். இரண்டு சோதனைகளுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், எழுத்தில் மட்டும் தர மாட்டாராம்.

[மாலை 4:22] செந்தில்: நான்கென்ன, பத்து தருகிறேன். தாமிரத்தை உருவிக்கொண்டு தருகிறேன்.

[மாலை 4:23] மாலதி: தாமிரம் இல்லாமல் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்?

[மாலை 4:24] செந்தில்: பெரியக்கா, தாமிரம் விற்கிற விலை தெரியுமா உனக்கு?

[மாலை 4:26] மாலதி: பருவம் முடிந்ததும் அப்படியே திருப்பித் தருகிறேன்.

[மாலை 4:27] செந்தில்: எடை போட்டுத்தான் கொடுப்பேன். அப்பா சாட்சி.

[மாலை 4:35] கவின்: பெரியம்மா, கடையில் நான்கு மோட்டார் எடுத்து வைத்துவிட்டேன். எதற்கு என்ன காரணம் என்று எனக்கும் மாமாவுக்கும் தெரியும். சீட்டில் எழுதி ஒட்டிவிடட்டுமா?

[மாலை 4:36] மாலதி: ஒட்டாதே. எனக்கும் சொல்லாதே. நானும் பார்க்கிறேன்.

[மாலை 4:38] செந்தில்: டெம்போ வாடகை யார் தருவது?