எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கிளிநொச்சியின் கரடிப்போக்கு, தர்மபுரம், நோர்வேயின் ஒஸ்லோ ஆகிய இடங்களிலிருந்து மூவர் பேசுகிறார்கள்.

கரடிப்போக்கு:
2008 செப்டெம்பர், போர்க்காலம். ஐ.நா. அலுவலகங்கள் கிளிநொச்சியை விட்டுப் போகவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. போகவேண்டாம் என்று சனம் வாசலை மறித்து நின்றது. நானும் அம்மாவோடு நின்றேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றைத் திருத்தித் தந்த வெள்ளைக்காரர் வாகனத்துக்குள் இருந்தார். 'எனக்கென்று ஒரு நாடில்லை, போகிற இடமெல்லாம் என் ஊர்' என்று முன்பொருநாள் எங்களிடம் சொன்னவர். அதைக் கேட்டு நானும் அப்படி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் அழுதார். அழுதுகொண்டே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சிவப்புக் கடவுச்சீட்டின் விளிம்பு தெரிந்தது. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தர்மபுரம்:
அண்ணா, கடவுச்சீட்டு வைத்திருந்தது அவர் குற்றமா? எங்கள் தாத்தா மலையகத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரான அவரை நாடற்றவராக்கியது. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டினார். 2003இல் வந்த சட்டத்தால்தான் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. 2009இல் மாத்தளன் பக்கம் ஓடும்போது அரிசி மூட்டையை வீதியோரத்தில் போட்டுவிட்டார். பத்திரம் மட்டும் சொப்பிங் பையில் சுற்றி மடியில் இருந்தது. எங்கள் மேல் எறிகணை அடிக்கிற அதே நாட்டின் பத்திரம்! 'எறிந்துவிடுங்கள் தாத்தா' என்று கத்தினேன். 'இது இல்லாமல் 55 வருடம் இருந்து பார்த்துவிட்டேன், பிள்ளை' என்றார்.

ஒஸ்லோ:
என்னுடையது சின்ன விடயம். போன ஆடியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். கச்சான் விற்கிற அம்மா என் மகளிடம் 'எந்த ஊர் பிள்ளை?' என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் வாய் வரவில்லை.
ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். எடுப்பதற்கு முன்பே அதைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். எடுத்துவிட்டவர்கள் மீளப் பெற விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும். வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பிறகு தலையில் கைவைக்காதீர்கள். பெற்றோர் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து, பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவையுங்கள்.

கரடிப்போக்கு:
தம்பி, நான் காணியைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கச்சி, அந்தப் பத்திரம் இப்போது எங்கே?

தர்மபுரம்:
வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால். இன்னும் அதே சொப்பிங் பையில்தான் இருக்கிறது அண்ணா.