3500 ரேட்டிங் செஸ் எஞ்சினுக்கு 9,000 ரூபாய் கொடுக்கலாமா?

நங்கநல்லூர் அப்பா:
மகளுக்கு 11 வயது, செஸ் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1430. சனிக்கிழமை டோர்னமென்டில் அவள் உள்ளே ஆடிக்கொண்டிருந்தபோது, வாசலில் செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், விற்க ஸ்டால் போட்டிருந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அட்டையில் தங்க எழுத்தில் '3500+'. "உலக சாம்பியனா இருந்த கார்ல்சனே இதுகிட்ட தோத்துடுவார் சார்" என்றார். 9,000 ரூபாய். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டேன். வாங்கலாமா?

பழைய குதிரை:
அந்தக் காபி உங்களுக்கு 9,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறது. கார்ல்சன் உங்கள் போனிடமே தோற்பார் சார். 2009-லேயே போனில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற எஞ்சின், புவனோஸ் அயர்ஸில் ஒரு டோர்னமென்டில் 10 ஆட்டத்துக்கு 9.5 புள்ளி எடுத்தது.

அந்த 3500, எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டு எடுத்த எண். மனிதர்களோடு ஆடி எடுத்த மகளின் 1430-ஐ அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. எந்தக் கம்ப்யூட்டர், யோசிக்க எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அட்டையில் அதையெல்லாம் போடமாட்டார்கள்.

2021-இல் செஸ்பேஸ் என்ற செஸ் மென்பொருள் நிறுவனம், ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற எஞ்சினைப் புதிய நம்பர் 1 என்று சுமார் 100 யூரோவுக்கு விற்றது. உள்ளே இருந்தது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின்தான், நிலையை எடைபோடும் நியூரல் நெட்வொர்க் மட்டும் வேறு. விற்பதில் தப்பில்லை, ஸ்டாக்ஃபிஷின் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆனால் மூல நிரலைத் தர வேண்டும், யாருடையது என்று சொல்ல வேண்டும். ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் சமரசமானது.

நானும் ஒரு காலத்தில் ரிச்சி தெருவில் இப்படி ஒரு சிடி வாங்கியவன்தான். என் ஆட்டத்தைப் போட்டால் +0.8, அதாவது வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு முன்னிலை, என்று காட்டும். ஏன் என்று கேட்டால் ஒரு முழ நீளத்துக்கு மூவ்களைக் கொட்டும். நானோ குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்துத் தோற்கிற ரகம்!

வேளச்சேரி மந்திரி:
இந்த மாதிரி மென்பொருளை நான் காசு கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். எஞ்சினுக்காக இல்லை, ஆட்டத் தொகுப்புக்காக. எதிராளி பெயரை அடித்தால் பழைய ஆட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். 1430-க்கு இப்போதைக்கு வேண்டாம். மூளையைக் கசக்க நல்ல புதிர்ப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நங்கநல்லூர் அப்பா:
நன்றி சார். ஸ்டாக்ஃபிஷை இறக்கி, சனிக்கிழமை தோற்ற ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். 23-வது மூவில் யானையை நகர்த்தியதுதான் தப்பு என்றது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைத்தானேப்பா வரும்போது ஆட்டோவில் சொன்னேன், நீங்கதான் போனில் பேசிட்டிருந்தீங்க" என்கிறாள்.