அப்பாவை மனநல மருத்துவரிடம் எப்படி அழைத்துப் போவது?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் அப்பா பழைய அப்பாவாக இல்லை. விடியுமுன்பே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் அம்மா வைத்த காபி ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது. நேற்று மாத்திரை டப்பாவைத் திறந்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று அறையும் தொடாமல் அப்படியே இருந்தன. கேட்டால், "இனி எதுக்கும்மா இதெல்லாம்" என்கிறார்.

அதுதான் பயமாக இருக்கிறது. மான்ட்ரியலில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைத் தொடர்ந்து பார்த்து 1993-இல் ஓர் ஆய்வு வெளியானது. மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் பல மடங்கு அதிகமாக இருந்ததாம். மாத்திரையை விடுவது, நடக்காமல் முடங்குவது, தூக்கம் கெடுவது என எல்லாம் சேர்ந்து ஆயுளைக் குறைக்கின்றன. இதய டாக்டரிடம் சொன்னேன், "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு நானே போன் செய்து பேசினேன். நேரில் அழைத்து வரச் சொன்னார்கள். அப்பாவோ, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்? இதய மாத்திரையோடு மனச்சோர்வு மாத்திரையும் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வீட்டுக்கே வந்து பொறுமையாகப் பேசும் மனநல மருத்துவர் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.